கொழும்பிலிருந்து ஒரே நாளில் கித்துல்கல ராஃப்டிங்கும் நுவரெலியாவும்: முடியுமா?

சனிக்கிழமை விடியற்காலையில் நண்பர்களுடன் வான் வண்டியில் புறப்பட்டு, கித்துல்கலவில் ராஃப்டிங் (காற்றடைத்த படகில் ஆற்றின் வேக ஓட்டத்தில் இறங்குவது) செய்து, அங்கிருந்து நுவரெலியாவுக்கு ஏறி, அன்றிரவே கொழும்பு திரும்ப முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்; குழுவில் சிலருக்கு நீச்சல் தெரியாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு இடங்களையும் ஒரே பகலில் பார்க்கலாம். அன்றிரவே திரும்புவதை மட்டும் கைவிட்டு, நுவரெலியாவிலோ ஹட்டனிலோ தங்கி மறுநாள் காலையில் இறங்குங்கள். நீச்சல் தெரியாதவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியது அதைவிட முக்கியமானது; அதைக் கீழே விரிவாக எழுதுகிறேன்.

நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். எங்கள் லயனுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, கீழே ஓடிய கெஹெல்கமு ஓயாதான் காசல்ரீ நீர்த்தேக்கத்தை நிரப்பி, நோர்ட்டன் பிரிட்ஜைத் தாண்டி இறங்கி, சிவனொளிபாதமலைப் பக்கமிருந்து வரும் மஸ்கெலியா ஓயாவுடன் சேர்ந்து களனி கங்கையாகிறது. நீங்கள் கித்துல்கலவில் துடுப்புப் போடப்போவது அந்த நீரில்தான். ஆகவே, அதைச் சில மணி நேரப் பொழுதுபோக்காக மட்டும் பேசிவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை. பதில் சற்று நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேரக் கணக்கு. அவிசாவளை வழியாகக் கித்துல்கல ஏறத்தாழ 90 கிலோமீட்டர். விடியுமுன் புறப்பட்டால் இரண்டரை மணி நேரத்தில் சேரலாம், விடிந்த பின் புறப்பட்டால் ஹன்வெல்ல தாண்டுவதற்கே பொறுமை வேண்டும். ஆற்றில் இருக்கும் நேரம் ஒன்றரை மணி என்றாலும், பதிவு, மிதவை அங்கி மாட்டுதல், படகு இறக்கும் இடத்துக்குப் போதல், முடிந்து குளித்து உடை மாற்றுதல் எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். அங்கிருந்து கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியா ஏறத்தாழ 75 கிலோமீட்டர். தூரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், முழுவதும் வளைவும் ஏற்றமும் என்பதால் மூன்று மணி நேரம் பிடிக்கும். பகல் உணவையும் சேர்த்தால் பிற்பகல் மூன்று மணிக்கு முன் நுவரெலியாவின் கிரகரி வாவியைக் காண்பது கடினம். அன்றிரவே திரும்புவதென்றால், காலையிலிருந்து வண்டி ஓட்டிக் களைத்த சாரதி இருட்டிலும் பனிமூட்டத்திலும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் இறங்கியாக வேண்டும். பின்னால் இருக்கும் நீங்கள் எல்லோரும் உறங்கிவிடுவீர்கள், அவர் உறங்கக்கூடாது. மலையில் நடக்கும் வாகன விபத்துகளைச் செய்தியில் மட்டும் படிக்கும் ஒருவருக்கும், அந்த வளைவுகளில் பள்ளத்தில் இறங்கி ஆட்களைத் தூக்கிய உறவினர்கள் இருக்கும் ஒருவருக்கும் இந்தப் பயணத்திட்டம் ஒரே மாதிரித் தெரியாது.

"நாங்கள் ஒரே நாளில் போய் வந்தோம், ஒன்றும் ஆகவில்லை" என்று சிலர் எழுதுவார்கள். அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கும். நான் முடியாது என்று சொல்லவில்லை. சாரதியின் இடத்தில் உங்கள் தம்பி இருந்தால் அனுப்புவீர்களா என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்.

வரிசையை மாற்றி, நுவரெலியாவை முதலில் பார்த்துவிட்டு இறங்கும்போது ராஃப்டிங் செய்யலாம் என்ற யோசனையையும் பலர் சொல்கிறார்கள். அது வேண்டாம். மலையில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் பிடிக்கிறது. மேலே பெய்த மழை கீழே வந்து சேரும் நேரத்தில், வெளிச்சம் குறையும் வேளையில், நீச்சல் தெரியாதவர்களுடன் ஆற்றில் இறங்குவது தேவையற்ற துணிச்சல். மேலும், கித்துல்கலவில் ஓடும் நீரை மழை மட்டும் தீர்மானிப்பதில்லை. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களிலிருந்து லக்ஷபான, பொல்பிட்டிய என்று ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் மின்நிலையங்கள் வழியாக இறங்கி வரும் நீர் அது. 35 மெகாவாட் பிராட்லண்ட்ஸ் திட்டமும் பிற்காலத்தில் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது. மின்நிலையம் ஓடும்போது ஆற்றின் மட்டம் வேறு, நிற்கும்போது வேறு. முன்பதிவு செய்யும்போது, அன்றைக்கு நீர் எப்போது எப்படி இருக்கும் என்று கேளுங்கள். ஆற்றோடு வாழும் வழிகாட்டி உடனே விடை சொல்வார், மழுப்பினால் வேறிடம் தேடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இரண்டு செய்திகளைப் பார்க்காமல் புறப்படவே கூடாது: ஒன்று நீர்த்தேக்கங்களின் வான்கதவுகள் திறக்கப்பட்டனவா என்பது, மற்றது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை. வட்டவளைப் பக்கம் நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. உங்கள் வான் அதன் வழியாகத்தான் ஏற வேண்டும்.

இனி நீச்சல் தெரியாதவர்கள் பற்றி. வழமையாகப் படகு விடும் பகுதி இரண்டாம், மூன்றாம் தரத்து ஓட்டம். ஆறு தரங்கள் கொண்ட அளவுகோலில் இது கற்றுக்கொள்பவர்களுக்கும் ஏற்றது. அங்கியும் தலைக்கவசமும் சரியாக இருந்தால் நீச்சல் தெரியாதவர்களும் போகலாம். ஆனால், புறப்படுமுன் கரையில் சொல்லித்தரும் பத்து நிமிடப் பாடம் ஒவ்வொருவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். எனக்கு ஆறாத புண் இதுதான்.

ஒரு விடுமுறையில் என் சித்தியையும் அவருடைய இரு மகன்களையும், என்னுடன் வேலை செய்யும் சிலரையும் அழைத்துச் சென்றிருந்தேன். சித்தி ஐம்பது வயதைத் தாண்டியவர், கொழுந்து பறித்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். கரையில் இருந்து பார்ப்பார் என்று நினைத்தேன், "எங்க ஆத்துல நான் எறங்காம வேற யாரு தம்பி எறங்குறது?" என்று அவரே தலைக்கவசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வழிகாட்டி நல்ல இளைஞர், அந்த ஆற்றங்கரையிலேயே வளர்ந்தவர். அவர் சிங்களத்தில் சொன்னார், வெளிநாட்டவர் இருவருக்காக ஆங்கிலத்தில் மறுபடியும் சொன்னார், "போகலாம்" என்று கையசைத்தார். சித்திக்குக் கடைத்தெருச் சிங்களம் தெரியும். விலை பேசுவார், பஸ் கேட்பார். ஆற்றிரைச்சலுக்கு நடுவே கத்தும் கட்டளையை ஒரு நொடிக்குள் புரிந்து செய்ய அது போதாது. மகன்கள் தமிழ்மொழிப் பாடசாலைப் பிள்ளைகள். பெரியவன் தலையை ஆட்டிக்கொண்டு நின்றான், சின்னவன் என் முகத்தைப் பார்த்தான்.

அடுத்த குழு காத்திருக்கிறது என்று படகு நிறுவனத்தின் ஆள் அவசரப்படுத்தினார். இவர்களுக்குத் தமிழில் சொல்லி முடிக்கும் வரை படகு நகராது என்று நான் உறுதியாகச் சொன்னேன். கரையில் கிடந்த படகிலேயே அவர்களை உட்கார வைத்தேன். துடுப்பின் மேல்முனையிலுள்ள குறுக்குப் பிடியை உள்ளங்கையால் மூடியே பிடிக்க வேண்டும், விட்டால் அது பக்கத்தில் இருப்பவரின் பல்லை உடைக்கும் என்று காட்டினேன். பாதத்தைப் படகின் நடுக் குழாய்க்கு அடியில் செருகிக்கொண்டு விளிம்பில் உட்காரச் சொன்னேன். முன்னே வலி, பின்னே தள்ளு, நிறுத்து, உள்ளே குந்திக் கயிற்றைப் பிடி என்று நான்கு கட்டளைகளையும், வழிகாட்டி எந்தச் சொல்லால் கத்துவாரோ அந்தச் சொல்லோடு சேர்த்துத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தேன். ஒவ்வொருவர் அங்கியையும் தோள்பட்டையில் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தேன். சின்னவனுடையது காதுவரை ஏறியது. அதுவரை எவரும் அதைக் கவனித்திருக்கவில்லை. சிறிய அளவு அங்கி கொண்டுவரச் செய்து மாட்டினேன். நீரில் விழுந்தால் மல்லாந்து, கால்கள் ஆறு ஓடும் திசையில் மேலே மிதக்கும்படி கிடக்க வேண்டும், ஆழம் குறைவாகத் தெரிந்தாலும் எழுந்து நிற்க முயலக்கூடாது, பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொண்டால் நீரின் வேகமே ஆளைக் கவிழ்த்து அமிழ்த்திவிடும் என்பதையும் சொன்னேன். வழிகாட்டி இடையில் வந்து, "இன்னொரு தடவை செய்து காட்டச் சொல்லுங்கள்" என்று எனக்கு உதவினார். அவருக்கு எந்த மனத்தாங்கலும் இருக்கவில்லை.

பெரிய ஓட்டம் ஒன்றில் படகின் இடப்பக்கம் பாறையில் ஏறிச் சரிந்தது. உள்ளே குந்தும் கட்டளை வந்தபோது முதலில் குந்தியவர் சித்தி. முன்னால் இருந்த என் அலுவலக நண்பர், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர், ஒரு கணம் தாமதித்ததால் நீரில் விழுந்தார். சொன்னபடி மல்லாந்து கிடந்ததால் அமைதியான நீருக்கு மிதந்து வந்தார். வழிகாட்டி அவருடைய அங்கியின் இரு தோள்பட்டைகளையும் பிடித்து, தான் பின்னால் சாய்ந்து, படகுக்குள் இழுத்துப் போட்டார். சித்தி நடுங்கும் கையோடு, விழுந்த நண்பரின் துடுப்பை எட்டிப் பிடித்து வைத்திருந்தார். மொழி விளங்கியவரும் விழுகிறார். விளங்காதவருக்கு விழுந்தபின் என்ன செய்வதென்றே தெரியாமல் போயிருக்கும்.

சுற்றுலாக் கேள்விக்குள் மொழிப் பிரச்சினையைக் கொண்டுவருகிறேன் என்று எவரேனும் சொல்லக்கூடும். 1987இல் வந்த அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலம் தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியானது என்பதைக் காட்டி, ஒரு தனியார் படகு நிறுவனத்துடன் நான் வழக்காட வரவில்லை. விமானத்தில் பாதுகாப்பு அறிவிப்பை எந்த அக்கறையோடு செய்கிறார்களோ அந்த அக்கறையையே கேட்கிறேன். அந்த ஆற்றின் தலைப்பக்கத்தில், நோர்வூட்டிலும் மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும், தமிழ் பேசும் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இப்போது சம்பளம் எடுத்து, தாய் தந்தையரை அழைத்துக்கொண்டு பணம் கட்டி இந்தப் படகில் ஏறுகிறார்கள். ஒரு தமிழ் வழிகாட்டியை வைத்துக்கொள்வதும், கட்டளைகளைத் தமிழிலும் எழுதி ஒரு பலகை மாட்டுவதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.

ஆற்றுக்குப் பின் மேலே ஏறும் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நனைந்த உடையோடு வண்டியில் ஏறாதீர்கள். 1,868 மீட்டர் உயரத்தில் பிற்பகல் குளிர் எலும்பைத் தொடும், உலர்ந்த சப்பாத்தும் ஒரு ஸ்வெட்டரும் தனிப் பையில் இருக்கட்டும். கினிகத்தேனை, ஹட்டன் மேடுகளில் எங்கோ நீங்கள் அறியாமலே ஒரு நீர்ப்பிரிவைக் கடப்பீர்கள். அதற்கு இந்தப் பக்கத்து மழை களனியாகிக் கொழும்புக்கு வருகிறது; தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்து மழை கொத்மலை ஓயா வழியாக மகாவலியில் சேர்ந்து திருகோணமலைக்குப் போகிறது. தலவாக்கலைக்கு அருகே டெவன், சென்கிளேயர் அருவிகளைச் சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம். மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கிய பின் சென்கிளேயரில் பழைய நீர்ப்பெருக்கு இல்லை.

அந்தச் சாலையில் என் நண்பர்கள், மலையில் கொழுந்து பறிப்பவர்களைப் படம் எடுக்க வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். சித்தி மறுக்கவில்லை, "கேட்டுட்டு எடுங்க தம்பி. கொழுந்து நிறுக்கப்போற நேரம், கிலோ கொறைஞ்சா அரைப்பேர்தான் விழும்" என்று மட்டும் சொன்னார். அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம். வண்டியிலிருந்து இறங்கிய நண்பர்கள் வணக்கம் சொல்லி, பேசி, பின்னர் படமே எடுக்காமல் திரும்பி வந்தார்கள். நீங்களும் நிறுத்துவீர்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

நுவரெலியாவில் உங்களுக்கு மிஞ்சுவது மூன்று மணி நேரம். ஹக்கலைப் பூங்காவை அந்த நேரத்துக்குள் அடக்க முயன்றால் ஓட்டமும் நடையுமாகவே முடியும். அதை மறுநாள் காலைக்கு வையுங்கள். 1894இல் கட்டிய செங்கல் தபாலகத்தையும் விக்டோரியா பூங்காவையும் பார்த்துவிட்டு, பனி இறங்குமுன் வாவிக்கரையில் நடந்தால் போதும். ஏப்ரல் வசந்த காலத்தில் மட்டும் இந்தத் திட்டத்தோடு போகாதீர்கள். கூட்ட நெரிசலில் ஊருக்குள் நுழைவதற்கே உங்கள் மூன்று மணி நேரமும் போய்விடும்.

தங்கவே முடியாது, இரவே திரும்பியாக வேண்டும் என்றால் நுவரெலியாவை விட்டுவிட்டு, ராஃப்டிங் முடித்து, கித்துல்கலவிலேயே ஆறுதலாகச் சாப்பிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே கொழும்பு சேருங்கள். எப்படியானாலும், முன்பதிவுக்கு அழைக்கும்போது நீரின் நிலையைக் கேட்ட கையோடு, தமிழில் விளக்கக்கூடிய வழிகாட்டி இருக்கிறாரா என்றும் கேளுங்கள். உங்கள் குழுவில் எல்லோருக்கும் சிங்களம் தெரிந்திருந்தாலும் கேளுங்கள். கேட்பவர்கள் கூடினால்தான் அவர்கள் ஒருவரை வேலைக்கு எடுப்பார்கள்.