கல்ச்சரில் கிருமி வளர்ந்ததா?

டொக்டருக்கு வணக்கம்.

என் மகனுக்கு 20 வயது, மான்செஸ்டரில் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தவன் அரை மணிக்கு ஒருமுறை பாத்ரூம் போகிறான். யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று ஜிபி (குடும்ப டாக்டர்) மூன்று தரம் ஆன்டிபயாட்டிக் தந்தும் குறையவில்லை. கிளப்புக்குப் போகும்போது கீட்டமின் எடுப்பதாக இப்போதுதான் சொன்னான். ஜிபியிடம் சொன்னால் போலீசுக்குப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஒரு தாய், ஹாரோ, லண்டன்

அன்புள்ள சகோதரிக்கு,

இந்த வாரமே அவனைச் சொல்லச் சொல்லுங்கள். கீட்டமின் பிரிட்டனில் 2014 முதல் பி வகுப்புப் போதைப்பொருள்தான். ஆனாலும் ஒருவர் தான் எடுத்ததைச் சொன்னதற்காக ஜிபி போலீசுக்குப் போவதில்லை. பிறருக்குப் பெரிய ஆபத்து என்றால்தான் விதிவிலக்கு. கார் ஓட்டுகிறான் என்றால் லைசென்ஸ் பற்றிப் பேசுவார். அவன் சம்மதமில்லாமல் உங்களிடமும் எதையும் சொல்ல மாட்டார்; நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளத் தடையில்லை.

அந்த மூன்று முறையும் கல்ச்சரில், அதாவது சிறுநீரை வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையில், கிருமி வளர்ந்ததா என்று கேளுங்கள். சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் டிப்ஸ்டிக் பட்டையில் ரத்தமும் வெள்ளணுவும் தெரிந்ததுமே ஆன்டிபயாட்டிக் எழுதிவிடுவதில்தான் தவறு தொடங்குகிறது. இந்த வயது ஆணுக்குத் திரும்பத் திரும்ப இன்ஃபெக்‌ஷன் வருவது அபூர்வம். இரண்டாம் முறையே 'வார இறுதியில் என்ன எடுக்கிறாய்?' என்று கேட்டிருக்க வேண்டும்.

கீட்டமினும் அது உடைந்து உண்டாகும் பொருள்களும் சிறுநீரில் தேங்கி, சிறுநீர்ப்பையின் உள்சவ்வைப் புண்ணாக்குகின்றன. புண் தழும்பேறப் பை சுருங்குகிறது. 400, 500 மில்லி கொள்ளும் பை, முற்றிய நிலையில் 100 மில்லிகூடத் தாங்காது. பிறகு சிறுநீர்க் குழாய்கள் அடைபட்டுச் சிறுநீரகம் வீங்கும். கீட்டமின் மயக்க மருந்து என்பதால் தான் உண்டாக்கிய வலியைத் தானே மரக்கச் செய்கிறது. வலி தாங்காமல் மறுபடி எடுப்பவனை வீட்டார் திமிர் பிடித்தவன் என்று திட்டுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஜிபியிடம் இரட்டை அப்பாயின்ட்மென்ட் (வழக்கத்தைவிட இரு மடங்கு நேரம்) கேளுங்கள். அதற்கு முன் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் அளவுக் குவளையில் பிடித்து நேரத்தையும் மில்லியையும் அவன் குறிக்கட்டும். 80, 60, 90 என்று எழுதிய தாள் பத்து நிமிடப் பேச்சைவிடப் பயன்படும். வாரத்துக்கு எத்தனை கிராம், எத்தனை மாதமாக, கடைசியாக எப்போது என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லட்டும். வழக்கமான போதைப்பொருள் சோதனையில் கீட்டமின் பெரும்பாலும் சேர்க்கப்படுவதில்லை. அவன் வாயால் சொன்னால்தான் தெரியும்.

கல்ச்சர், கிளமிடியா என்ற பால்வினைத் தொற்றுக்கான சோதனை, சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தச் சோதனை, சிறுநீரகம் மற்றும் பையின் அல்ட்ராசவுண்ட் தேவை. மேல்வயிறு பிடித்து வலிக்கிறதென்றால் கல்லீரல் சோதனையும் வேண்டும். கிரியேட்டினின் தெரியும்வரை இபுப்ரோஃபென் கொடுக்காதீர்கள்.

அடிப்படை மருத்துவம் கீட்டமினை நிறுத்துவதுதான். ஆரம்பத்திலேயே நிறுத்தினால் பலருக்குச் சில மாதங்களில் குறைகிறது. தாமதித்தால் பையையே அகற்றும் அறுவைவரை போகலாம். உள்ளூர்ப் போதை மீட்பு மையத்துக்கு ஜிபி கடிதமின்றி அவனே போகலாம். தினமும் மது குடிக்கிறான், அல்லது வேலியம் போன்ற மாத்திரை எடுக்கிறான் என்றால், அவற்றைச் சட்டென்று நிறுத்த விடாதீர்கள். வலிப்பு வரலாம், டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

காய்ச்சலோடு விலாப்பக்கம் வலித்தாலோ, சிறுநீரில் ரத்தக்கட்டி வந்தாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ ஜிபிக்குக் காத்திருக்காமல் ஏ அண்ட் ஈக்கு (ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு) கூட்டிப்போங்கள். அங்கேயும் கீட்டமின் என்ற பெயரை முதலில் சொல்லுங்கள்.