வால்வு கிட்டார் ஆம்ப் சொந்தமா கட்டலாமா? கேள்வி பதில்

கேள்விய போடுங்க, தெரிஞ்சத சொல்றேன். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. ஸ்விட்ச் ஆஃப் பண்ணி பிளக்க புடுங்கினாலும் ஃபில்டர் கெப்பாசிட்டர்ல (டிசிய சமன் பண்ண கரண்ட தேக்கி வைக்கற பார்ட்) 300 வோல்ட்டுக்கு மேல நிக்கலாம். மீட்டர் வச்சு பாக்காம உள்ள கைய விடாதீங்க. இத இன்னும் நாலு தடவ சொல்லுவேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அண்ணா, முதல் ஆம்ப்பே 100 வாட்ஸ் மார்ஷல் மாதிரி கட்டணும்னு ஆசை.

பதில்: வேணாம் தம்பி. ஃபெண்டர் சாம்ப் 5எஃப்1 கட்டுங்க. மூணே வால்வு: சிக்னல பெருக்க ஒரு 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கர ஓட்ட ஒரு 6வி6, ஏசிய டிசி ஆக்கற ரெக்டிஃபையருக்கு ஒரு 5ஒய்3, வால்யூம் நாப் ஒண்ணே ஒண்ணு, டோன் கூட கிடையாது. 5 வாட்ஸ்தான், பக்கத்து வீட்டுக்காரர் கதவ தட்ட அது போதும்.

கேள்வி: அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர நம்ம ஊர் வைண்டிங் கடையிலயே சுத்திக்கலாமா?

பதில்: வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல நிக்கற டிரான்ஸ்ஃபார்மர்தானே, சுத்தலாம், ஆனா நிறைய பேர் சறுக்கறது இங்கதான். கடைக்காரர் தினமும் சுத்தறது பவர் டிரான்ஸ்ஃபார்மர், அதுல ஈ தகடையும் ஐ தகடையும் மாத்தி மாத்தி அடுக்குவாங்க, நடுவுல கேப் இருக்காது. சாம்ப் சிங்கிள் எண்டட், அதாவது ஒரே பவர் வால்வுதான், 6வி6ஓட டிசி கரண்ட் 40 மில்லியாம்ப் போல பிரைமரி (வால்வு பக்கச் சுத்து) வழியா எந்நேரமும் ஓடிட்டே இருக்கும், கேப் இல்லேன்னா கோர் சாச்சுரேட் ஆகி (காந்தம் நிரம்பி) பாஸ் காணாம போயிடும். அதனால ஈ எல்லாம் ஒரு பக்கம், ஐ எல்லாம் எதிர்ப்பக்கம், நடுவுல மெல்லிசா பேப்பர் வைக்கச் சொல்லுங்க. "5கே பிரைமரி"ன்னா, அதாவது 5000 ஓம், அவருக்குப் புரியாம போகலாம், டர்ன்ஸ் கணக்கா சொல்லுங்க: ஸ்பீக்கர் 8 ஓம்னா 5000ஐ 8ஆல வகுத்தா 625, அதோட ஸ்கொயர் ரூட் 25, அப்போ பிரைமரி 25 சுத்துக்கு செகண்டரி (ஸ்பீக்கர் பக்கம்) 1 சுத்து. காசு செலவு பண்ணணும்னா இந்த இரும்புல பண்ணுங்க. ஸ்பீக்கர் மாட்டாம ஆம்ப்ப வாசிச்சா இதே டிரான்ஸ்ஃபார்மர்தான் முதல்ல போகும்.

கேள்வி: வீட்ல ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகற ஸ்விட்ச்) இருக்கு சார், ஷாக் பயம் இல்லையே?

பதில்: இருக்கு. டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் இருக்கற 300 வோல்ட்ல கைய வச்சா ஆர்சிசிபிக்கு எதுவும் தெரியாது, அது டிரிப் ஆகாது. ஒரு கை பாக்கெட்ல, இன்னொரு கைல மீட்டர்.

கேள்வி: தாத்தாவோட பழைய வால்வு ரேடியோவ ஆம்ப்பா மாத்தலாமா?

பதில்: வால்வு மேல பேர படிங்க. ஈ-ல ஆரம்பிச்சா, ஈஎல்84 மாதிரி, பெரும்பாலும் உள்ள பவர் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், பாக்கலாம். யூஎல்84, யூஒய்85ன்னு யூ-ல ஆரம்பிச்சா தொடாதீங்க. அந்த மாதிரி செட்டுல கரண்ட் நேரா சேஸிஸுக்கே (உலோக அடித்தட்டு) வரலாம், கிட்டார் கம்பி வழியா உங்களுக்கும் வரும்.

கேள்வி: ரூமுக்கு எத்தனை வாட்ஸ் வேணும்?

பதில்: மேல சொன்னதுதான். 5.

கேள்வி: கட்டி முடிச்சேன், "ம்ம்ம்"னு ஹம் வருது.

பதில்: லோ ஈ கம்பில மூணாவது ஃப்ரெட்ட வாசிங்க, அது 98 ஹெர்ட்ஸ். ஹம் அதே சுருதின்னா அது 100, ஃபில்டர் கெப்பாசிட்டர பாருங்க. அதுக்கும் ஒரு ஆக்டேவ் கீழன்னா 50, ஹீட்டர் ஒயர (வால்வ சூடாக்கற ஒயர்) நல்லா முறுக்கி மூலையோரமா கொண்டு போங்க, கிரவுண்டையும் பாருங்க. பாக்கறதுக்கு முன்னாடி டிஸ்சார்ஜ், கெப்பாசிட்டர்ல நிக்கறத இறக்கிடுங்க. எச்சரிக்கை ரெண்டாச்சு.

கேள்வி: ஆரஞ்ச் டிராப் கெப்பாசிட்டர் (ஆரஞ்சு கலர்ல வர்ற பிராண்ட்) போட்டா டோன் வார்ம் ஆகுமாமே?

பதில்: வேல்யூ மாறினா டோன் மாறும். அதே வேல்யூல கலர் மாறினா பர்ஸ்தான் மெலியும்.

கேள்வி: என் காதுக்கு கேக்குதே சார், நீங்க எப்படி இல்லேன்னு சொல்லலாம்?

பதில்: ரெண்டையும் அளந்தீங்களா? 10 சதவீத டாலரன்ஸ்ல .022 மைக்ரோஃபாரட்ன்னு எழுதினது ஒண்ணு .020, இன்னொண்ணு .024 இருக்கும், நீங்க கேட்டது அதையா இருக்கலாம். அளவு ஒத்துப்போற ரெண்ட எடுத்து டாகிள் ஸ்விட்ச்ல மாட்டுங்க, கிரிட் பக்கமா (அடுத்த வால்வுக்கு சிக்னல் போற பக்கம்) மாட்டுங்க, பிளேட் பக்கம் (முந்தின வால்வுல இருந்து வர்ற பக்கம்) வோல்டேஜ் கடிக்கும். ஸ்விட்ச்ச நண்பர் மாத்தட்டும், நீங்க திரும்பி உக்காந்து எது எதுன்னு சொல்லுங்க.

கேள்வி: அப்போ கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டரும் கதைதானா?

பதில்: அதுல கொஞ்சம் உண்மை உண்டு. வோல்டேஜ் ஏறினா அதோட ரெசிஸ்டன்ஸ் லேசா இறங்கும், சிக்னல் பெருசா ஆடற பிளேட் ரெசிஸ்டர்ல துளி டிஸ்டார்ஷன் சேரும். கூடவே இரைச்சலும் வரும், வருஷம் ஆக ஆக வேல்யூ வேற நகரும். முதல் ஸ்டேஜ்ல மெட்டல் ஃபிலிம் போடுங்க.

கேள்வி: நண்பர வச்சு பாத்தேன் சார். பத்துல ஆறு சரியா சொன்னேன்!

பதில்: காச சுண்டிப் போட்டாலும் ஆறு வரும். இன்னும் நிறைய தடவ பண்ணிட்டு வாங்க. கெப்பாசிட்டர் பேச்சு இத்தோட போதும்.

கேள்வி: டிஸ்டார்ஷன் பெடல் எது நல்லது?

பதில்: நம்ம ஏரியா இல்ல.

கேள்வி: 50 வாட்ஸாவது கட்டலாமே?

பதில்: 5. 50ஓ 100ஓ, ரெண்டுக்கும் நடுவுல 3 டெசிபல்தான்.

கேள்வி: நாளைக்கு முதல் தடவ ஆன் பண்ணப்போறேன், எதாவது சொல்லுங்க.

பதில்: சீரிஸ் போர்டு, அதாவது ஆம்ப்போட சீரிஸா ஒரு பல்பு, போட்டு ஆன் பண்ணுங்க. 60 வாட்ஸ் குண்டு பல்பு, எல்இடி ஆகாது. முதல்ல 5ஒய்3 இல்லாம. பல்பு பளிச்சுன்னு எரிஞ்சு மங்காமலே நின்னா உள்ள ஷார்ட், உடனே ஆஃப் பண்ணுங்க. லேசா செவந்து நின்னா ஹீட்டர் பின்ல 6.3 வோல்ட் பக்கத்துல வருதான்னு பாத்துட்டு, அப்புறம் ரெக்டிஃபையர மாட்டுங்க. ஸ்பீக்கர் மாட்டியிருக்கணும். ஆஃப் பண்ணதும் மறுபடி மீட்டர்.