பட்டுவாடா

அன்புள்ள ஐயா,

அரசுத் தணிக்கைத் துறையில் வேலை பார்க்கிறேன். ஈராக்கில் அமெரிக்க நிர்வாகம் செலவழித்த 880 கோடி டாலருக்குச் சரியான கணக்கு இல்லை என்று படித்தேன். யுத்தம் நடக்கும் இடத்தில் ரசீது கேட்பதே அபத்தம் இல்லையா? எல்லாம் முடிந்த பிறகு தணிக்கை செய்து யாருக்கு என்ன லாபம்? அந்தப் போரே எண்ணெய்க்காகத்தானே? என் வேலை சலிப்பூட்டுகிறது. விட்டுவிட்டு எழுத வந்துவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எண்ணெய் விஷயத்தை விடுங்கள். அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு மேற்கொண்டு எதையும் படிக்காமல் இருப்பது நமக்கெல்லாம் பழக்கமாகிவிட்டது.

நான் பதில் எழுதுவது அந்த ரசீதுக்காக. போர்க்களத்தில் ரசீதா என்பது உங்கள் சொந்த யோசனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். 2005 ஜனவரியில் ஸ்டூவர்ட் போவன் என்ற அமெரிக்க அரசின் சிறப்புத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை வந்தபோது, ஈராக்கில் அந்த நிர்வாகத்துக்குத் தலைவராக இருந்த பால் பிரெமர் சொன்ன சமாதானமும் ஏறக்குறைய இதுதான்: யுத்தத்துக்கு நடுவே மேற்கத்தியக் கணக்குமுறையை எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. அவர் சொல்லலாம், மாட்டிக்கொண்டவர். தணிக்கைத் துறையில் சம்பளம் வாங்கும் நீங்கள் சொல்லலாமா? ஈராக்கின் அரசுத் தணிக்கை அமைப்பு 1927-லேயே தொடங்கியது. கணக்கு என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அது யாருடைய பணம் என்று பார்த்தீர்களா? 2003 மே மாதம் ஐ.நா. பாதுகாப்பு சபையின் 1483-ஆவது தீர்மானம் ஈராக்கின் எண்ணெய் வருமானத்தை ஒரு நிதியில் போட்டு, செலவழிக்கும் அதிகாரத்தை பிரெமரின் நிர்வாகத்திடம் கொடுத்தது. தணிக்கை உண்டு என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தது. மைனர் சொத்துக்கு கார்டியனாக வந்தவர்கள் அவர்கள். அமெரிக்காவிலிருந்து விமானத்தில் போன ரொக்கம் ஏறத்தாழ 1,200 கோடி டாலர். எடை 363 டன். ஆட்சியை ஈராக்கியரிடம் ஒப்படைக்க ஒரு வாரம்கூட இல்லாதபோது, 2004 ஜூன் 22 அன்று மட்டும் 240 கோடி. பட்டுவாடா செய்யும் ஒருவர் ஆறே முக்கால் லட்சம் டாலரைப் பூட்டாத டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். ஓர் அமைச்சகத்தின் சம்பளப் பட்டியலில் 8,206 காவலர்கள். ஆள் இருப்பதாக உறுதிசெய்ய முடிந்தது 602 பேரைத்தான்.

அந்த 602-ஐப் படித்தபோது என் சித்தப்பாவின் ஞாபகம் வந்தது. அவரும் உங்கள் துறைதான். ஒரு புயல் நிவாரணக் கணக்கைத் தணிக்கை செய்யப் போனவர், பட்டுவாடாப் பதிவேட்டில் ஒரு பக்கம் முழுக்க ஒரே கட்டைவிரல் ரேகை இருப்பதைப் பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்தார். ரேகையின் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு, வரிசைக்கு வரிசை அதே இடத்தில். எழுத்தரைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொன்னார். தழும்பு அங்கே இருந்தது.

வழக்கமான கதையென்றால் அவன் திருடன். சித்தப்பா ஊருக்குள் போய் வீடு வீடாக விசாரித்தார். எல்லோரும் பணம் வாங்கியிருந்தார்கள். கூட்டம் முண்டியடித்ததாம், மை காய்ந்துவிட்டதாம், ராத்திரி உட்கார்ந்து தன் விரலையே வைத்து முடித்துவிட்டான். சித்தப்பா அப்படியும் தணிக்கைத் தடை, அதாவது இந்தக் கணக்கை ஏற்க முடியாது என்ற ஆட்சேபம், எழுதினார். “பணம்தான் போய்ச் சேர்ந்துவிட்டதே சார்” என்று அவன் அழுதிருக்கிறான். “சேர்ந்தது உனக்குத் தெரியும், இப்போது எனக்கும் தெரியும். நாளைக்கு ஒருவன் அந்தப் பக்கத்தைக் காட்டி, இந்த ஜனங்கள் வாங்கவே இல்லை என்றோ ரெண்டு தரம் வாங்கினார்கள் என்றோ சொன்னால், அவர்கள் எதைக் காட்டுவார்கள்?” என்றாராம். சித்தி இதைச் சொல்லும்போதெல்லாம் அந்த எழுத்தர் பக்கம்தான் பேசுவாள்.

ஈராக்கிலும் இப்படி ஒரு திருப்பம் உண்டு. காணாமல் போனதாகப் பேசப்பட்ட ரொக்கத்தில் பெரும்பகுதி ஈராக்கின் மத்திய வங்கிக்கே போய்ச் சேர்ந்தது என்று போவனின் அதே தணிக்கை அலுவலகம் 2011-ல் சொன்னது. அதனால் பிரெமர் தப்பித்துவிட்டாரா? அந்த ஏழு வருடங்கள் பாக்தாத்தில் ஒருவர் தன் நாட்டுப் பணம் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தால், நீட்டிக் காட்ட ஒரு தாள் கிடையாது. திருட்டு நடக்கவில்லை என்று நிரூபிப்பதற்கும் அதே தாள்தான் வேண்டும். இது உங்கள் பயிற்சி வகுப்பின் முதல் நாளிலேயே சொல்லியிருப்பார்களே!

சலிப்பு என்கிறீர்கள். நான் முன்பு சொன்ன ஈராக்கின் அரசுத் தணிக்கை அமைப்பின் தலைவராக இருந்த இஹ்சான் கரீம் 2004 ஜூலையில் பாக்தாத்தில் குண்டு வைத்துக் கொல்லப்பட்டார். உங்களைப் போலக் கணக்குப் புத்தகம் புரட்டியவர்தான். உங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, தம்பி. உங்கள் மேஜையில் கிடக்கும் பதிவேட்டின் மீது கொஞ்சம் மரியாதை வரட்டும் என்றுதான்.

வேலையை விடாதீர்கள். எழுதவும் செய்யுங்கள், ஆனால் ஈராக் வேண்டாம். நீங்கள் கடைசியாகத் தடை எழுதிய பதிவேட்டில் எந்தப் பக்கத்தில் என்ன இருந்தது, உங்களுக்கு எப்படிச் சந்தேகம் வந்தது, எதிரே உட்கார்ந்திருந்தவர் என்ன சொன்னார் என்று நான்கு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். பெயர்களை மாற்றிவிடுங்கள்.