பிரோக் படகுக்கு இறக்கை பூட்டலாமா?

கேள்வி: மஹேபூர் பந்தயத்தில் ஓடும் எங்கள் பிரோக் படகுக்கு (பாய்மர மரப்படகு) ஹைட்ரோஃபாயில், அதாவது நீருக்கடியில் ஓடும் இறக்கை, பொருத்தினால், நீருக்கு மேலே எழும்பி ஓடுமா? மகனும் நானும் செய்துபார்க்க விரும்புகிறோம்.
– வாசகர், மஹேபூர், மொரீஷியஸ்

பதில்: ஐயா, செய்யுங்கள், பிரோக்கில் மட்டும் வேண்டாம். அந்த மர உடலின் எடையைத் தூக்கப் பெரிய இறக்கை வேண்டும். பெரிய இறக்கைக்கு நீரின் எதிர்ப்பும் அதிகம். எழும்பும் வேகமே வராது. வேகம் பாதியானால் தூக்குவிசை கால்வாசிதான். இப்படி இறக்கைமேல் எழும்பி ஓடும் ‘மாத்’ (Moth) என்ற ஒருவர் ஓட்டும் சிறு பாய்மரப் படகைப் பாருங்கள்: நீளம் 3.355 மீட்டர், எடை சுமார் 30 கிலோ. அந்த அளவில் தொடங்குங்கள்.

இறக்கையைவிட, அதைப் படகோடு இணைக்கும் தூணோடு அது சேரும் மூட்டுக்குத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். வளைவிசை முழுவதும் அங்கேதான் குவிகிறது. என் முதல் இறக்கை, மரத்தின்மேல் கண்ணாடியிழை சுற்றியது, சரியாக அந்த இடத்தில் பிளந்தது. கார்பன் இழைகளை இறக்கையின் நீளவாக்கிலேயே ஓடவிட்டு, மூட்டில் கூடுதல் அடுக்குகள் போடுங்கள். முன்விளிம்பைப் பொறுமையாகத் தேயுங்கள்; அங்கே சிறு மேடு இருந்தாலும் நீரோட்டம் கெடும்.

உயரத்தைக் காக்க, மாத் படகின் முன்முனையிலிருந்து ஒரு மெல்லிய குச்சி நீரைத் தொட்டபடி வரும். படகு அதிகம் எழும்பினால், அந்தக் குச்சி இறக்கையின் பின்மடலை (பின்விளிம்பில் அசையும் பகுதி) மேலே திருப்பித் தூக்குவிசையைக் குறைக்கும். அழகான வேலை அது!

நம் கடற்கழியில் பவளப்பாறை நீர்மட்டத்தை ஒட்டியே இருக்கிறது. ஆழமான பகுதியில் மட்டும் ஓட்டுங்கள். அதற்கு முன், பட்டறையில் இறக்கைமேல் மணல் மூட்டைகளை அடுக்கி, எவ்வளவு வளைகிறது என்று அளந்துவிடுங்கள்.