ஆராய்ச்சிக் கப்பலின் இரைச்சலுக்கு நடுவே திமிங்கிலம், டால்பின் ஒலிகளை எப்படிப் பதிவு செய்கிறார்கள்?

மைக்கைக் கப்பலிலிருந்து தள்ளி வைத்துத்தான். ஹைட்ரோபோன் எனப்படும் நீரடி ஒலிவாங்கிகளைக் குழாய்க்குள் வைத்து, 200, 300 மீட்டர் கேபிளில் கப்பலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டே போவார்கள். புரொப்பல்லர் சத்தம் அங்கே வெகுவாக அடங்கிவிடும்.

அம்பர்கிரிஸ் தரும் எண்ணெய்த் திமிங்கிலத்துக்கு இது அருமையான முறை. முக்கால் மணி நேரம் ஆழத்திலேயே இருக்கும் அதைக் கண்ணால் தேடிப் பயனில்லை. ஹெட்போனிலோ 'டக்... டக்...' என்று நொடிக்கு ஒன்றிரண்டு தட்டல் சீராகக் கேட்கும். அது நின்று சில நிமிடங்கள் அமைதியானால், மூச்சு விட மேலே வரக்கூடும் என்று மேல்தளத்தில் இருப்பவர்கள் உஷாராவார்கள். நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். ஒரே தட்டல் இரண்டு ஒலிவாங்கிகளுக்கும் எத்தனை மில்லி நொடி வித்தியாசத்தில் வந்தது என்று பார்த்தால் கோணம் கிடைத்துவிடும். இடமா வலமா என்பது மட்டும் தெரியாது. கப்பலைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டும்.

டால்பினின் விசில் நம் காதுக்கு எட்டும். அதன் கிளிக் ஒலிகளோ 1,00,000 ஹெர்ட்ஸையும் தாண்டுவதால், திரையில்தான் பார்க்க முடியும்.

நீலத் திமிங்கிலம்தான் கஷ்டம். அதன் குரலும் கப்பல் இரைச்சலும் ஒரே தாழ்ந்த அதிர்வெண்ணில் மோதுகின்றன. அதனால் ஹைட்ரோபோன் தொங்கும் மிதவையைக் கடலில் போட்டுவிட்டுக் கப்பல் விலகிவிடும். ஒலி ரேடியோ வழியே வந்து சேரும். 1980-களில் திருகோணமலைக்கு அப்பால் நீலத் திமிங்கிலப் பாட்டைப் பதிவு செய்தவர்கள் வந்தது சிறிய பாய்மரப் படகில். எஞ்சினை அணைத்தாலும் பாயில் நகரலாம் என்பது எவ்வளவு பெரிய வசதி!