ஒற்றைச் செருப்போடு வந்த தம்பி

கேள்வி:
எனக்கு 28 வயது, கொழும்பு வெள்ளவத்தையில் அம்மாவோடு இருக்கிறேன். 2025 மார்ச் 28, மியன்மாரில் மண்டலேப் பக்கம் 7.7 அளவில் பூமி அதிர்ந்த அன்று, நானும் தம்பியும் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பாங்கொக்கில், ஒரு கடைத்தொகுதியின் ஆறாம் மாடியில் நின்றோம். மத்தியானம் ஒன்று இருபதுக்குக் கட்டடம் ஆடியது. ரயில்கள் நின்றுவிட்டன, டாக்சி இல்லை, சியாம் பகுதியில் இருந்து ஒன் நுட்டில் தங்கிய அறைவரை நடைதான். அவனோ ஒற்றைச் செருப்போடு வந்தான், பத்தடிக்கு ஒருதரம் நின்றான், போனில் சார்ஜும் இல்லை. டிக்கெட்டை மாற்றுவோம் என்றால் வாயே திறக்கவில்லை. கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கும்வரை எல்லாம் நான்தான் பார்த்தேன். (படியில் அவன் கையை விட்டுவிட்டேன், கீழே வந்துதான் திரும்பிப் பார்த்தேன், அவ்வளவு சனம்.) இப்போது என்னோடு கதைப்பதே இல்லை. "மூத்தவள்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள்" என்று அம்மா கோயிலில் சொன்னால் எழும்பிப் போய்விடுகிறான். நன்றி கெட்டவன். கொழும்பு-காலி வீதியில் லொறி போனால் எனக்கு இன்னும் கட்டில் ஆடுகிறது. அந்த ஒற்றைச் செருப்பும் அவனும்! எப்படி மன்னிப்பேன்?

பதில்:
அன்புச் சகோதரிக்கு, செருப்பை இரண்டு தரம் எழுதியிருக்கிறீர்கள், அது எப்படிக் கழன்றது என்று ஒரு தரமும் எழுதவில்லை. கையை விட்டதை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டீர்கள். உங்கள் கடிதமே அந்த ஒரு வரிதான்.

கையை விட்டது குற்றமில்லை. கட்டடம் ஆடும்போது கால்தான் முடிவெடுக்கும், பாசம் பிறகுதான் வந்து சேரும். நீங்கள் கீழே வந்ததும் அவனைத்தானே தேடினீர்கள்? ஆனால் அம்மா அந்தக் கதையைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் பேசாமல் இருக்கிறீர்களே, அங்கேதான் நான் தம்பி பக்கம் நிற்கிறேன். இத்தனை நாளாக அவன் ஒருவரிடமும் "அக்கா என்னை விட்டுவிட்டுப் போனாள்" என்று சொல்லவில்லை. உங்களைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல்தான் எழும்பிப் போகிறான் என்று எனக்குப் படுகிறது. நன்றி கெட்டவன் செய்கிற வேலையா இது?

லொறிச் சத்தத்துக்குத் தூக்கம் தொடர்ந்து கெட்டால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்துக் கதையுங்கள், அதில் வெட்கமில்லை. ஆனால் அதற்கு முதல், இன்றைக்கே, தம்பியிடம் போய் அந்தச் செருப்பு எந்த மாடியில் கழன்றது என்று கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை சார்ஜ், டிக்கெட் எதையும் இடையில் கொண்டுவராதீர்கள். அப்புறம் அம்மா கோயிலில் அந்தக் கதையைத் தொடங்கும்போது, அவன் எழும்புவதற்கு முன் நீங்களே திருத்திச் சொல்லிவிடுங்கள்.