மேடவாக்கம் ஃபிளாட்: வாடகை வட்டியைத் தாங்குமா?

கேள்வி: எனக்கு வயது 46. வேளச்சேரியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். கையில் சேமிப்பு 27 லட்சம். மேடவாக்கத்தில் எட்டு வருடப் பழைய, 1,000 சதுர அடி ஃபிளாட் ஒன்று 70 லட்சத்துக்கு வந்திருக்கிறது. முதலீடாக வாங்கி வாடகைக்கு விட எண்ணம். 50 லட்சம் லோன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம். 18,000 வாடகை நிச்சயம், மெட்ரோ வருவதால் பத்து வருடத்தில் விலை இரட்டிப்பாகும் என்கிறார் புரோக்கர். வாங்கலாமா? (வேளச்சேரி வாசகி)

பதில்: இந்த விலைக்கு வேண்டாம். காரணத்தை உங்கள் எண்களை வைத்தே சொல்கிறேன். இதே கணக்கை நாளை வேறு எந்த வீட்டுக்கும் நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

வீட்டின் அடக்க விலை 70 லட்சம் அல்ல. முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் சேர்த்தால் இன்னும் 6.30 லட்சம். ஆக 76.30 லட்சம். வாடகையில் வருடத்துக்கு ஒரு மாதம் வீடு காலியாக இருக்கும் என்று வைத்தால் 1.98 லட்சம் வரும். சொத்து வரி, பெயின்ட், பிளம்பிங் என்று 18,000 போனால் மிச்சம் 1.80 லட்சம். போட்ட பணத்தில் இது 2.4 சதவீதம்கூட இல்லை. முதல் வருடம் வங்கிக்கு வட்டியாக மட்டும் ஏறக்குறைய 4.20 லட்சம் கட்டுவீர்கள்.

இதோடு கணக்கு முடியவில்லை. உங்கள் கைக்காசு 26.30 லட்சத்துக்கும் ஒரு விலை உண்டு. அதை 6.5 சதவீத டெபாசிட்டில் போட்டால் வருடம் 1.70 லட்சம் வந்திருக்கும். பொருளாதாரத்தில் இதை ‘வாய்ப்புச் செலவு’ என்பார்கள். ரசீதில் வராத செலவு என்பதால் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் கூட்டி வாடகையைக் கழித்தால், வருடத்துக்கு 4.10 லட்சம் துண்டு விழுகிறது. அதாவது, வீட்டின் விலை வருடம் 6 சதவீதம் ஏறினால்தான் நீங்கள் நஷ்டமில்லாமல் நிற்பீர்கள். வாடகை ஏற ஏற இந்த இடைவெளி குறையும், உண்மைதான். ஆனால் ஆரம்ப வருடங்களைத் தாங்கப்போவது உங்கள் சம்பளம்.

இப்போது புரோக்கரின் வாக்குறுதிக்கு வருவோம். பத்து வருடத்தில் இரட்டிப்பு என்பது வருடம் 7.2 சதவீதம். அவர் சொன்னது அப்படியே பலித்தாலும் உங்களுக்கு மிஞ்சுவது சொற்பம். விலைவாசி 4 சதவீதம் ஏறினால், பத்து வருடம் கழித்து வரும் 1.40 கோடியின் இன்றைய மதிப்பு சுமார் 95 லட்சம்தான். விற்கும்போது லாபத்துக்கு 12.5 சதவீத வரியும் இருக்கிறது.

மெட்ரோ விஷயம் பொய்யில்லை. மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் தடம் மேடவாக்கம் வழியாகத்தான் வருகிறது. ஆனால் அந்தச் செய்தி உங்களுக்கு மட்டும் தெரிந்ததா? விற்பவருக்கும் தெரியும். 70 லட்சத்துக்குள் மெட்ரோவுக்கான விலையை ஏற்கெனவே கேட்கிறார்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது யூடிஎஸ், அதாவது அடுக்குமாடி நிற்கும் மனையில் உங்கள் ஃபிளாட்டுக்கு உரிய பங்கு. கட்டடம் வருடா வருடம் தேயும். ஏறுவது மண்ணின் விலை. ஆகவே பத்திரத்தில் உங்கள் பெயருக்கு எத்தனை சதுர அடி மண் வருகிறது என்று பாருங்கள். உதாரணத்துக்கு யூடிஎஸ் 450 சதுர அடி, அந்தத் தெருவில் மனை சதுர அடி 7,000 ரூபாய் என்றால், மண்ணின் மதிப்பு 31.50 லட்சம். மீதி 38.50 லட்சத்தை எட்டு வருடப் பழைய சுவருக்கும் தளத்துக்கும் கொடுக்கிறீர்கள். இன்று புதிதாகக் கட்ட சதுர அடிக்கு 2,500 ரூபாய் ஆகிறது என்று வைத்தாலே 1,000 சதுர அடிக்கு 25 லட்சம்தான். மயிலாப்பூரில் புதிய மனை பிறக்காது, அதனால் அங்கே பழைய ஃபிளாட்டுக்கும் மண் கைகொடுக்கும். தெற்குப் புறநகரில் அடுக்குமாடிகள் வந்துகொண்டே இருக்கின்றன. பக்கத்தில் புது வீடு கிடைக்கும்போது பழைய வீட்டு வாடகையை எப்படி ஏற்றுவீர்கள்?

வட்டி மாறும் என்பதையும் மறக்காதீர்கள். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி) 4-லிருந்து 6.5 சதவீதத்துக்குப் போனது. உங்கள் லோனில் ஒரு சதவீதம் கூடினாலே மாதத் தவணை 43,391-லிருந்து 46,607 ஆகிவிடும். சேமிப்பு முழுவதையும் வீட்டில் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் பாத்ரூமை மட்டும் தனியாக விற்க முடியாது. குறைந்தது ஆறு மாதத் தவணையாவது கையில் இல்லாமல் லோன் பக்கம் போகவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வீடு மனதுக்குப் பிடித்துவிட்டது என்றால், மேலே உதாரணத்தில் மண்ணும் புதுக் கட்டடமும் சேர்ந்தே 56.50 லட்சம்தான் என்பதால், பேரத்தை 56 லட்சத்தில் தொடங்குங்கள், 60-ஐத் தாண்டாதீர்கள். அதற்கு முன் அதே பிளாக்கில் குடியிருக்கும் மூன்று பேரிடம் உண்மையில் என்ன வாடகை கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பக்கத்திலேயே இருப்பதால், 2015-லும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்பதை வாட்ச்மேனிடமும் தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடமும் விசாரியுங்கள். முழங்காலுக்கு மேல் என்றால், 56-க்கும் வாங்க வேண்டாம்.